மாமனார் தட்டிய தூண்கள்

என் மாமனாருக்கு ஊரார் வைத்திருந்த பெயர் டொக்டொக். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். கட்டைவிரல் தடிமனில் தலை கொண்ட ஒரு சின்னச் சுத்தியல், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் இருக்கும். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தூணைத் தட்டுவார். பிறகுதான் வீட்டுக்காரருக்கு வணக்கம். கல்யாணப் பேச்சுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் என் அம்மா நீட்டிய காபியை வாங்காமல் கூடத்துத் தூணைத்தான் தட்டினார். தட்டிவிட்டு என் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"எப்போ கட்டினது?" என்றார்.

"பழசுதாங்க" என்றார் அப்பா.

"ம்."

அந்த 'ம்' என் அம்மாவுக்கு இன்றுவரை ஆறவில்லை.

அரசாங்கக் கட்டடத் துறையில் முப்பத்தொரு வருடம் அவருக்கு அதுதான் வேலை. கான்கிரீட் ஊற்றி அச்சுப் பலகை பிரித்த பிறகு இவர் வந்து தூணைத் தட்டிச் 'சரி' என்று சொன்னால்தான் மேலே தளம் போடலாம். அவர் வாயிலிருந்து 'சரி' வாங்குவதற்குள் மேஸ்திரிகளுக்குத் தாவு தீர்ந்துவிடுமாம். பாதி நாள் 'பார்க்கலாம்' என்றுதான் வரும். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. நாங்கள் போகிற கிறிஸ்தவ சபையில் அவர் தட்டாத தூணுக்குக் கீழே யாரும் உட்காரமாட்டார்கள் என்பது எழுதாத சட்டம். கூரை மாற்றினாலும் கூடம் நீட்டினாலும், போதகர் ஜெபிப்பதற்கு முன்னால் இவர் தட்ட வேண்டும்.

ஏன் இப்படி ஆனார் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். சின்ன வயதில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்ததாம், கூட்டாளி ஏமாற்றினானாம். எனக்குத் தெரிந்து ஒரு காரணமும் கிடையாது. பிறந்தபோதே, பிரசவம் பார்த்தவளை இவர் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பார்.

வேதம் படிப்பதும் இதே கண்ணோடுதான். மற்றவர்கள் அதில் ஆறுதல் தேடுவார்கள், இவர் தூண் தேடுவார். பழைய வேலை டைரி ஒன்றில் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை எல்லாத் தூண்களையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் குறிப்பும் போட்டிருந்தார். திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவிக்கு எதிரே 'மழைக்கு நிற்காது' என்று எழுதியிருந்தது. வனாந்தரத்தில் வழிகாட்டிய மேகத்தூணுக்கும் நெருப்புத்தூணுக்கும் எதிரே 'அஸ்திவாரம் இல்லை, நம்ப வேண்டியிருக்கிறது' என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். பேதுருவையும் யோவானையும் இன்னொருவரையும் பற்றிப் பவுல், சபைக்குத் தூண்களாக எண்ணப்பட்டவர்கள் என்று எழுதியிருக்கிறாரே, அந்த இடம் இவருக்குத் தேன். 'எண்ணப்பட்டவர்களாம். அப்போ தட்டிப் பாக்கலைன்னுதானே அர்த்தம்?' என்பார். எங்கள் சபைச் செயலாளரை மேடையில் யாராவது 'இந்தச் சபையின் தூண்' என்று புகழ்ந்தால், இவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

போதகரையும் விடமாட்டார். யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லைத் தூணாக நிறுத்தி எண்ணெய் வார்த்தபோது கடவுள் ஒன்றும் சொல்லவில்லை. மோசே காலத்தில் மட்டும், தூண் நிறுத்தாதே, எனக்குப் பிடிக்காது என்றது எதற்கு என்று கேட்டார். போதகர் பாவம், தேடிப் படித்துவிட்டு வந்து பதில் சொன்னார். முற்பிதாக்கள் நிறுத்தியபோது பிரியமாகத்தான் இருந்தது, அக்கம்பக்கத்து ஜனங்கள் அதையே விக்கிரகமாக்கிக் கும்பிட ஆரம்பித்ததும் வெறுப்பாகிவிட்டது என்று யூத குருமார்கள் விளக்கம் வைத்திருக்கிறார்களாம்.

"அப்போ தூண்மேல தப்பில்ல" என்றார் மாமனார். "நிறுத்தற ஆள்மேலதான் சந்தேகம். நான் சொல்றதும் அதுதான்."

எங்கள் கல்யாணப் பத்திரிகையே ஒரு கூத்து. நாம் ஒருவரை ஒருவர் பிரிந்திருக்கும்போது கர்த்தர் உனக்கும் எனக்கும் நடுவே கண்காணிப்பாராக என்ற பொருளில் வரும் வசனத்தை, ஆசீர்வாதம் என்று நினைத்து, நான்தான் தேர்ந்தெடுத்து அச்சடிக்கக் கொடுத்தேன். பத்திரிகையைப் பார்த்த மாமனார் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, இது யார் யார்கிட்ட சொன்னதுன்னு தெரியுமா?"

நான் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தேன்.

"மாமனார் மருமகன்கிட்ட சொன்னது. மாமனார் லாபான் வீட்டுல இருபது வருஷம் இருந்துட்டு, யாக்கோபு சொல்லாம கொள்ளாம பொண்ணுங்களைக் கூட்டிட்டு ஓடிட்டான். லாபான் துரத்திப் பிடிச்சான். ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை கிடையாது. நடுவுல ஒரு கல்லைத் தூணா நிறுத்தி, இதைத் தாண்டி நானும் வரமாட்டேன், நீயும் வராதேன்னாங்க. என் பொண்ணை நீ படுத்தினா, நான் பாக்கலைன்னாலும் மேல இருக்கறவர் பாத்துட்டு இருப்பார். அதுதான் இந்த வசனம். ஆசீர்வாதம் இல்ல, காவல்."

"மாத்திடவா மாமா?"

"வேண்டாம். இருக்கட்டும். பொருத்தமாத்தான் இருக்கு."

கல்யாணத்துக்கு முந்தின வருடம்தான் மாமியார் இறந்திருந்தார். ஒரே மகள். அப்பா தனியாக இருக்கிறாரே, கொஞ்ச நாள் அவரோடு இருப்போம் என்றாள் என் மனைவி. கொஞ்ச நாள் ஏழு வருடமாயிற்று. வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டத்தோடு அந்த வீட்டில் நான் பட்டதை எழுதினால் அவருடைய டைரியைவிடத் தடிமனாக வரும். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை' எல்லாம் உண்டு. நம்பிக்கைதான் கிடையாது. நானும் சின்னக் கட்டடங்கள் எடுத்துக் கட்டுகிற கான்ட்ராக்டர். ஏழு வருடத்தில் என் வேலை எதையும் பார்த்து அவர் 'சரி' என்று சொன்னதில்லை. நான் பூட்டிய கதவை எழுந்து வந்து இழுத்துப் பார்ப்பார். நான் மூடிய குழாயை இன்னொரு தரம் திருகுவார். ஒரு மனிதன் எத்தனை நாள்தான் தாங்குவான்? என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல பில்லர் நான்தான். என்னைத்தான் யாரும் தட்டிப் பாக்கறதில்ல" என்பாள்.

அவர் தட்டாத தூண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மாமியார் தலைமாட்டில் நிற்கிற கல். தன் மனைவி ராகேலின் கல்லறைமேல் யாக்கோபு நிறுத்தினானே, அதைப் போல இவரே நின்று நிறுத்தியது. அங்கே போகிற நாள்களில் சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் தனிக்குடித்தனம் போவது என்று முடிவெடுத்தேன். ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்த இடத்தில் வாடகைக்கு ஒரு வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனைவியிடம் சொன்னபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. தெரியாம போறது மட்டும் வேண்டாம். அவருக்கு நான் ஒருத்திதான்" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். வாய் வரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

அந்த நேரத்தில்தான் சபையில் பாடகர் குழுவுக்காக ஒரு பால்கனி கட்டுகிற வேலை எனக்கு வந்தது. முன்பக்கம் இரண்டு தூண்கள், அவற்றின்மேல் நாற்பது பேர் நின்று பாடுகிற தளம். சாலொமோன் ஆலயத்து வாசலில் இருந்த இரண்டு தூண்களைப் போல இவற்றுக்கும் யாகீன், போவாஸ் என்று பெயர் வைக்கலாம் என்றார் செயலாளர். மாமனாருக்கு நினைவுக்கு வந்தவை வேறு இரண்டு தூண்கள்.

"சிம்சோன் சாய்ச்சதும் ரெண்டுதான். கூரைமேல மட்டும் மூவாயிரம் பேராம். ரெண்டு பில்லரை நம்பி அத்தனை பேரை மேல ஏத்த எவன் அனுமதி கொடுத்தான்? சிம்சோன் பலத்தைப் பத்தியே எல்லாரும் பேசறீங்க."

வலப்பக்கத் தூணுக்குக் கான்கிரீட் ஊற்றுகிற நாளன்று, அந்த வாடகை வீட்டுக்காரர் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். இப்போதே வந்து பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்றார். கான்கிரீட் ஊற்றும்போது கான்ட்ராக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எனக்கு அது தெரியாதா? இருந்தாலும் போனேன். "யாராவது கேட்டா நான் இங்கேயே இருந்தேன்னு சொல்லுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனேன். மத்தியானம் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. நன்றாக வந்தது என்றார் மேஸ்திரி. பலகை பிரித்த நாளிலும் நான் வேறு வேலையில் மாட்டிக்கொண்டேன். வந்து பார்த்தபோது தூண் அடியிலிருந்து பூசி வழவழவென்று நின்றது. இத்தனை அவசரமாக எதற்குப் பூசினார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் கேட்கவில்லை. தளம் போட்டோம், கைப்பிடி வைத்தோம், வெள்ளை அடித்தோம்.

பிரதிஷ்டை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை மாமனார் தட்டுவதற்காகச் சபையார் கூடினார்கள். போதகர், செயலாளர், பாடகர் குழு, வேடிக்கை பார்க்க வந்தவர்கள். இடப்பக்கத் தூணை மூன்று இடத்தில் தட்டினார், வழக்கம்போல என் முகத்தைத் துளைத்துவிடுகிற மாதிரி பார்த்தார், "சரி" என்றார். ஏழு வருடத்தில் முதல் சரி. பூரித்திருக்க வேண்டும், ஆனால் என் கண் அதற்குள் வலப்பக்கத் தூணின் அடிக்குப் போய்விட்டது. அடுத்து வலப்பக்கம். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் குனிந்து ஒன்று. அடியில் தட்டியபோது சத்தம் எனக்கே பொத்தென்று கேட்டது. கேட்டதா, அல்லது என் நெஞ்சுதானா என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

அன்று மாலை முழுவதும் எனக்கு அதே யோசனை. காபிக்குச் சர்க்கரை போட்டேன் என்று சொன்னால்கூடக் கலக்கிப் பார்க்கிற மனிதர், என் தூண்களுக்கு எப்படி இரண்டு சரி சொன்னார்? ஏன் தரையைப் பார்த்தார்? எல்லாம் தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் எழுந்து என் மானத்தை வாங்கப் போகிறாரா? சாப்பிடும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் மனைவி, "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? சண்டை போட்டாலாவது புரியும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரியைப் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வித்தை எனக்கு யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"வைப்ரேட்டர் பாதியில நின்னு போச்சுண்ணே. கான்கிரீட்டைக் கம்பியால குத்தித்தான் இறக்கினோம். பலகையைப் பிரிச்சா அடியில ஜல்லி தெரிஞ்சுது. பூசி மூடிட்டோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க இருந்ததா சொல்லச் சொன்னீங்க. நீங்க இருந்தா அது எப்படி நடந்திருக்கும்? அதான் நடக்கலைன்னு வெச்சுக்கிட்டோம்."

என் பொய்க்கு அவர்கள் பொய் சரியாகப் போயிற்று. யாரை என்ன சொல்வது? உளியையும் பெரிய சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன். உச்சி வெயில். கதவு திறந்திருந்தது. கடைசி பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு துணிப்பை. அதற்குள்ளிருந்தும் ஓர் உளி எட்டிப் பார்த்தது.

நான் நேரே போய்த் தூணின் அடியில் பூச்சைக் கொத்தினேன். நாலாவது அடியில் பெயர்ந்து விழுந்தது. உள்ளே சிமெண்டே இறங்காமல் ஜல்லி பல்லிளித்துக்கொண்டிருந்தது. துருப்பிடிக்க ஆரம்பித்த கம்பி தெரிந்தது. கையை விட்டால் விரல் உள்ளே போயிற்று. மேலே நாற்பது பேர் நின்று பாடுவதை நினைத்துப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

அவர் காதைக் காட்டிக் கை ஆட்டினார். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.

"கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. சுத்தியல் சத்தம் எனக்குக் கேட்டு நாலு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எப்படித் தட்டறீங்க?"

"தட்டறது ஊருக்கு. அடியில தட்டும்போது மேஸ்திரி முகத்தைப் பாப்பேன். தப்பு எங்கே இருக்குன்னு அவன் முகம் சொல்லிடும். காது நல்லா இருந்த காலத்துலயும் பாதிக்கு மேல அப்படித்தான்."

"நேத்து இந்தத் தூணைத் தட்டினப்போ என் முகத்தைப் பாக்கலையே?"

அவர் சுத்தியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பில்லர் ஊத்தின நாள் உங்க செருப்புல சிவப்பு மண்ணு. சிமெண்ட் ஒரு பொட்டு இல்ல. இந்தப் பக்கம் சிவப்பு மண்ணு எங்கே இருக்கு? புது மனை பிரிச்ச இடத்துல. வீடு பாத்துட்டீங்கன்னு புரிஞ்சுது. பில்லர்கிட்ட நீங்க நிக்கலைன்னும் புரிஞ்சுது. நேத்து முகத்தைப் பாத்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சா சொல்லணும். அத்தனை பேர் முன்னால சொன்னா, நீங்க அன்னைக்கே அவளைக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. அதான் பாக்கல."

 முப்பத்தொரு வருடம் யாருக்கும் வளையாத மனிதர், மகள் வீட்டைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் நாற்பது பேரை அந்தத் தூணின்மேல் ஏற்றச் சம்மதித்திருக்கிறார். அது ராத்திரி முழுக்க அவரை அரித்து, உளியோடு இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவமானம்தான் வந்தது. சொல்லாமல் ஓடப் பார்த்த யாக்கோபு நான்தானே.

"வீடு பாத்தது நிஜம் மாமா. உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல."

"தெரியும்" என்றார். "உங்க முகம் நல்லா பேசும்."

ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை நடக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்தார். என்மேல் பழி போடப் போகிறார் என்ற பழைய சந்தேகம் அப்போதும் எனக்குள் ஒருதரம் தலைகாட்டியது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "வியாழக்கிழமை நான் பாக்காம சரின்னு சொல்லிட்டேன். எனக்குக் காதும் கேக்கறதில்ல. இனிமே என் சரியை நம்பி யாரும் உக்கார வேண்டாம்." பிறகு நான் எழுந்து, தூண் ஊற்றும்போது நான் அங்கே இல்லை என்பதையும் இருந்ததாகச் சொல்லச் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். செயலாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒருவர் மட்டும், ரொம்ப வயதான பாடகி, "மேல நிக்கப் போறது நாங்க. இப்பவாவது சொன்னீங்களே" என்றார்.

பால்கனிக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, தூணின் அடியை நல்ல கான்கிரீட் தெரிகிறவரை கொத்தியெடுத்து, கம்பியைத் தேய்த்து, மறுபடி இறுக்கி நிரப்பினோம். இந்த முறை நான் ஓரடிகூட நகரவில்லை. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டடத் துறையிலிருந்து புது இன்ஸ்பெக்டர் ஒருவர் கருவியோடு வந்து சோதித்து எழுதிக் கொடுத்த பிறகுதான் பாடகர்கள் மேலே ஏறினார்கள்.

நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். அவரையும் வரச் சொன்னோம், மறுத்துவிட்டார். குடிபோன முதல் ஞாயிறு மத்தியானம் துணிப்பையோடு வந்தார். வாசல் தூணைத் தட்டுவார் என்று காத்திருந்தேன், தட்டவில்லை. பையிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டை எடுத்தார். வலப்பக்கத் தூணிலிருந்து நான் கொத்தியெடுத்தது, ஜல்லியும் ஓட்டையுமாக. கேட்டுக்கு உள்பக்கம் ஓரமாக அதை நிமிர்த்தி வைத்து, சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"இது இருக்கட்டும் மாப்பிள்ளை. இதைத் தாண்டி நான் சண்டைக்கு வரமாட்டேன். நீங்களும் வராதீங்க. பொண்ணை நல்லா பாத்துக்குங்க. நான் பாக்கலைன்னாலும்..." என்று மேலே கையைக் காட்டினார்.

என் மனைவி அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகு வேதத்தை எடுத்து அந்த இடத்தைப் படித்தேன். லாபான் மகள்களை முத்தமிட்டு ஆசீர்வதித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போகிறான். அதற்கப்புறம் அவன் வந்ததாக எங்கேயும் இல்லை. மனைவியிடம் நான் அதைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு காலையிலிருந்து அவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நானும் ஏதோ வேலையாக வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

நாலு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, குனிந்து கல்லைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டைவிட்டு அது இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது.

"நகர்த்தியிருக்கீங்க."

"வாசல் கூட்டினேன் மாமா. அப்போ நகர்ந்திருக்கும்."

அவருக்கு அது காதில் விழுந்திருக்காது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

"சரி" என்றார்.